கூட்டுக்கு உரியவர் யார்? தமிழ்த் திரைப்படத்தில் கூடுபாய்தலும் நகையும் – ‘கல்யாணராமன்’, ‘அதிசயப் பிறவி’, ‘போகன்’ ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஓர் உயிர் தன் உடலை விட்டு மற்றோர் உடலுள் புகுவதைத் தமிழ் மரபு ‘கூடுவிட்டுக் கூடுபாய்தல்’ என வழங்கும். இம்மரபோடு தொடர்புடைய மூன்று திரைப்படங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. உடல்மாற்றக் கதையில் நகை பிறப்பது புதிய உடலின் விந்தையால் அன்று, அவ்வுடல்மீது வேறொருவருக்கு இருக்கும் உரிமையால் என்பது இதன் கருதுகோள். அந்த உரிமையாளரைக் கதை எவ்விடத்தில் நிறுத்துகிறது என்பதைக் கொண்டே படத்தின் நகைத்திறம் மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கூடுபாய்தல், உடல்மாற்றம், இரட்டை வேடம், நகை, மெய்ப்பாடு, யமலோகக் கதை, மறுஆக்கம்.

முன்னுரை

2017 பிப்ரவரியில் லக்ஷ்மன் இயக்கிய ‘போகன்’ வெளிவந்தபோது, ஜான் வூவின் ‘ஃபேஸ் ஆஃப்’ (1997) என்னும் அமெரிக்கப் படத்தோடு அதனை ஒப்பிட்டுப் பேசினர். காவலரும் குற்றவாளியும் இடம் மாறுவது இரண்டுக்கும் பொது என்பதால் ஒப்பீடு தவறன்று. ஆனால் அமெரிக்கப் படத்தில் மாறுவது முகம். அறுவை மருத்துவம் அதனைச் செய்கிறது. ‘போகன்’ படத்தில் மாறுவது உயிர். பழைய சுவடி அதற்கு வழிசெய்கிறது. படத்தின் பெயரே போகர் என்னும் சித்தரை நோக்கிக் கைகாட்டுகிறது. போகரின் சமாதி உள்ளதாக வழிபடப்படும் பழனிமலை திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கே இருக்கிறது. இக்கட்டுரை எழுதப்படும் நத்தம் அதே மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. இப்பகுதிப் பார்வையாளருக்குப் ‘போகன்’ என்ற பெயர் பழனியையும் நவபாடாணத்தையும் நினைவூட்டிய பிறகே வேறு எதனையும் நினைவூட்டும். ஒப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது என்பதும் ஆய்வாளர் செய்யும் தேர்வே.

மேலைநாட்டு உடல்மாற்ற நகைக்கதையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படும் எஃப். ஆன்ஸ்டியின் ‘வைஸ் வெர்சா’ (1882) புதினத்தில், தந்தையையும் மகனையும் இடம் மாற்றுவது இந்தியாவிலிருந்து சென்ற கருடக் கல் ஒன்று. மந்திரத்தை நம்மிடம் வாங்கிக்கொண்டவர்களிடம் போய் நம் கதைக்கு மூலம் தேடுவதில் ஒரு வேடிக்கை உண்டு. எனினும் மூலம் எது என்ற வழக்கு இக்கட்டுரையின் நோக்கமன்று. எடுத்துக்கொண்ட கேள்வி வேறு: ஓர் உயிர் வந்து குடியேறிய உடல், அதன்பின் யாருக்கு உரியது?

ஒருவழிப் பாய்ச்சலும் இருவழி மாற்றமும்

தமிழ் மரபில் பரவலாக அறியப்பட்ட கூடுபாய்தல் கதைகள் ஒருவழிப்பட்டவை. உயிர் நீங்கிக் கிடக்கும் உடலுள் யோகி புகுவார். அவர் விட்டுச் சென்ற உடல் அழியும். அருணகிரிநாதர் கிளியுடலில் புகுந்து பாரிசாத மலர் தேடிச் சென்றிருந்த வேளையில் அவருடைய உடல் எரிக்கப்பட்டது என்பது திருவண்ணாமலைக் கதை. திருமூலர் வரலாற்றில் யோகியின் உடல் மறைந்துபோகிறது. இவற்றில் இருவர் ஒரே வேளையில் உடல்களை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே ‘கூடுபாய்தல்’ என்ற சொல்லை ‘உடல்மாற்றம்’ என்பதற்கு ஈடாக ஆளுவது முழுதும் பொருந்தாது. முன்னதில் ஒருவர் இறந்தவர், ஒருவர் வந்தவர். பின்னதில் இருவரும் உயிரோடு இருக்கின்றனர். இருவரும் உரிமை கேட்கின்றனர்.

இருவழி மாற்றத்தின் மிகப் பழைய நகை நாடகம் தமிழ்நிலத்தோடு தொடர்புடையது என்பது இங்குக் கருதத்தக்கது. ‘பகவதஜ்ஜுகம்’ என்னும் வடமொழி அங்கதத்தின் பெயர், ‘மத்தவிலாசம்’ என்ற பெயரோடு சேர்ந்து, காஞ்சிபுரத்தை அடுத்த மாமண்டூர்ப் பல்லவக் கல்வெட்டில் காணப்படுகிறது. இதனை இயற்றியவர் போதாயனரா, முதலாம் மகேந்திரவர்மனா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கதை எளியது. யமதூதன் ஒருவன் வசந்தசேனை என்ற பெயருடைய ஒருத்தியின் உயிரைக் கொண்டுவர அனுப்பப்படுகிறான். அதே பெயருடைய கணிகை ஒருத்தியின் உயிரைத் தவறுதலாகப் பறித்துச் செல்கிறான். யோகத்தின் ஆற்றலை நம்பாத தம் மாணவனுக்கு அதனை மெய்ப்பிக்க விரும்பிய துறவி, சோலையில் கிடந்த அக்கணிகையின் உடலுள் புகுகிறார். தவற்றை உணர்ந்து திரும்பிவரும் தூதன், உடலில் ஏற்கெனவே ஆள் இருப்பதைக் கண்டு, கையிலிருந்த கணிகையின் உயிரைத் துறவியின் உடலில் வைத்துவிடுகிறான். கணிகையின் உடல் துறவறம் போதிக்கிறது. துறவியின் உடல் காதலனைத் தேடுகிறது.

இந்நாடகம் ஒருவழிப் பாய்ச்சலாகவே தொடங்குகிறது. துறவி புகுந்ததோடு கதை நின்றிருந்தால் அது சித்தி பற்றிய கதையாக மட்டும் இருந்திருக்கும். உயிரின் பழைய உரிமையாளர் திரும்பி வந்த கணத்தில்தான் அது நகைநாடகமாகிறது. ‘பகவன்’, ‘அஜ்ஜுகை’ என்னும் இரு விளிகளையும் ஒட்டவைத்த தலைப்பு, ஒரே உடலை இரு பெயரால் அழைக்க நேரும் இக்கட்டைச் சொல்லிவிடுகிறது.

மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுக்கு உரை வகுக்கும் பேராசிரியர், எள்ளல் என்பதைத் தான் பிறரை எள்ளுவதும் பிறரால் தான் எள்ளப்படுவதும் என இரண்டாகப் பகுக்கிறார். ‘தான்’ என்பதும் ‘பிறர்’ என்பதும் வேறுவேறு உடலில் இருக்கின்றன என்ற நம்பிக்கையின் மீதே அப்பகுப்பு நிற்கிறது. இருவழி உடல்மாற்றம் அந்த நம்பிக்கையை அசைக்கிறது. தன்னை எள்ளும் பிறன் தன் முகத்தோடு எதிரே நிற்கிறான். இந்த நகைக்கு எப்பெயர் இடுவது என்பது தனியே ஆராயத்தக்கது.

‘கல்யாணராமன்’: ஆளிருக்கும் வீடு

1979இல் ஜி. என். ரங்கராஜன் தம் முதற்படமாக இயக்கிய ‘கல்யாணராமன்’ பஞ்சு அருணாசலத்தின் கதையை அடிப்படையாகக் கொண்டது. முன்பல் துருத்திய, சூதுவாது அறியாத கல்யாணம் கொல்லப்படுகிறான். அவனுடைய ஆவி, இரட்டைப் பிறவியும் பட்டணத்துச் சேட்டைக்காரனுமான ராமனின் உடலில் வந்து புகுகிறது. இருவரும் கமல்ஹாசனே.

இங்குப் பாய்ச்சல் ஒருவழிப்பட்டதுதான். ஆனால் கூடு காலியாக இல்லை. ராமன் அதில் இருக்கிறான். ஆகவே ஒரே உடலின் நடை, பேச்சு, பார்வை எல்லாம் இருவருக்கிடையே கைமாறுகின்றன. முகம் ஒன்றே என்பதால் யார் உள்ளே இருக்கிறார் என்பதை நடிப்பு மட்டுமே தெரிவிக்க வேண்டும். பல்லமைப்பு கல்யாணத்தின் உடலோடு போய்விட்டது. எஞ்சியது வெகுளித்தனம் ஒன்றே. அந்த வெகுளித்தனம் ராமனின் துடுக்கான உடலில் வந்து தங்கும்போது, பேதைமை என்று தொல்காப்பியம் சொல்லும் நிலைக்களன் வேறொருவர் முகத்தில் தோன்றுகிறது. கமல்ஹாசனின் பிற்கால வேடப் படங்களைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. ஒப்பனையின் துணையின்றி, ஒரே முகத்தில் இருவரைக் காட்டிய இந்தப் படம் அந்த வரிசையில் வைத்து எண்ணப்படாதது வியப்புக்குரியது.

இவ்விடத்தில் ஊர் வழக்கு ஒன்றைச் சுட்டலாம். நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்க் கொடைகளையும் கண்டவர்களுக்கு, ஓர் உடலில் மற்றொருவர் வந்து நிற்பது புதுமையன்று. அருள் வந்தவரின் முகம் மாறுவதில்லை, மாறுவது விளி. வீட்டில் மாமனாருக்கு முன் குரல் உயர்த்தாத மருமகள், அருள் வந்த வேளையில் அவரை ஒருமையில் அழைப்பார். அவரும் கைகட்டிக் கேட்பார். ஆட்டம் முடிந்ததும் உறவுமுறை பழையபடி திரும்பிவிடும். யார் உள்ளே இருக்கிறார் என்பதை ஊர் அறிந்துகொள்வது விளிச்சொல்லால்தான்.

தமிழ் இலக்கணம் இதற்கு இடந்தருகிறது. தன்மை வினைமுற்று பால் காட்டுவதில்லை. ‘நான் வந்தேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம், தெய்வமும் சொல்லலாம். உடல் மாறிய உயிர் தன்னைப் பற்றிப் பேசும்வரை மொழி அதனைக் காட்டிக்கொடுக்காது. பிறர் அதனை ‘வாடா’ என்பதா, ‘வாம்மா’ என்பதா, ‘வாங்க’ என்பதா என்ற இடத்தில்தான் சிக்கல் எழும். எனவே தமிழில் உடல்மாற்ற நகைக்கு உரிய களம், மாறியவரின் தனிமொழியன்று. அவரைச் சுற்றி நிற்கும் உறவினரின் விளிகள்.

‘அதிசயப் பிறவி’: காலி வீடு

‘கல்யாணராமன்’ படத்தின் தொடர்ச்சியான ‘ஜப்பானில் கல்யாணராமன்’ (1985) எஸ். பி. முத்துராமன் இயக்கியது. எனவே ஆளிருக்கும் உடலில் ஆவி புகும் கதையின் இயல்பை அவர் நன்கறிந்தவர். ஐந்தாண்டுகள் கழித்து, 1990இல், ரஜினிகாந்த் நடிப்பில் அவர் இயக்கிய ‘அதிசயப் பிறவி’ எதிர்த்திசையில் செல்கிறது.

இப்படம் சிரஞ்சீவி நடித்த ‘யமுடிக்கி மொகுடு’ (1988) என்னும் தெலுங்குப் படத்தின் மறுஆக்கம். நகரத்து இளைஞன் பாலு, செல்வர் வீட்டுப் பெண்ணைக் காதலித்ததன் விளைவாகக் கொல்லப்படுகிறான். யமலோகம் சென்றபின்தான் அவன் உரிய காலத்துக்கு முன்பே கொண்டுவரப்பட்டான் என்பது தெரிகிறது. திரும்பிச் செல்ல அவனுக்கு உடல் இல்லை. ஆகவே அவனைப் போன்றே தோற்றமுள்ள, சாகும் தறுவாயிலுள்ள காளையன் என்ற சிற்றூர் இளைஞனின் உடல் அவனுக்குத் தரப்படுகிறது. காளையன் அஞ்சி ஒடுங்கியவன். சொத்துக்காக உறவினர் கொடுமைப்படுத்தும் வீட்டில் தாயோடு வாழ்ந்தவன். அந்த உடலில் பாலு வந்ததும் ஒடுங்கிய உடல் நிமிர்கிறது, அடித்தவர்கள் அடிவாங்குகின்றனர்.

தூதனின் தவறு, எரிந்துபோன உடல், மாற்றுடல் என்னும் அமைப்பு ஹாலிவுட்டின் ‘ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்’ (1941), அதன் மறுஆக்கமான ‘ஹெவன் கேன் வெயிட்’ (1978) ஆகியவற்றிலும் உண்டு. யமலோகத்துக்கு உயிரோடு சென்று அங்குள்ள ஆட்சியைக் கலைக்கும் கதை, வங்காளத்தின் ‘ஜமாலயே ஜீபந்த மானுஷ்’ (1958), தெலுங்கின் ‘யமகோலா’ (1977), சிவாஜி கணேசனின் ‘யமனுக்கு யமன்’ (1980) என நம்மிடையே தனியே ஓடிவந்தது. இவ்விரு ஓட்டங்களும் கலந்த இடம் ‘யமுடிக்கி மொகுடு’. ஆயினும் தவறான உயிரைப் பறித்த தூதனைப் ‘பகவதஜ்ஜுகம்’ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மேடையேற்றிவிட்டது என்பதை மறந்துவிட வேண்டியதில்லை.

படத்தின் சிரிப்பு முழுவதும் யமலோகத்தில் நிகழ்கிறது. வினு சக்கரவர்த்தியின் யமன் உருமுகிறார். ‘துக்ளக்’ இதழாசிரியர் சோ யமலோக அலுவலராக வந்து அமர்கிறார். ஏடு, கணக்கு, பிழை, பிழையை மறைக்கும் முயற்சி என அந்த உலகம் ஓர் அரசு அலுவலகமாகவே இயங்குகிறது. கோப்பில் நேர்ந்த தவற்றுக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒவ்வொருவரும் நழுவுவதைத் தாலுகா அலுவலகத்தில் காத்திருந்த எவரும் அடையாளம் காண்பர். திராவிட இயக்கத் தலைவர்களுள் ஒருவரான இராம. சுப்பையாவின் மகன் எஸ். பி. முத்துராமன். யமலோகத்தைப் பத்திமையோடன்றி எள்ளலோடு காட்டுவதில் அவ்வளர்ப்பின் தடம் இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. மறுஆக்கம் என்பதால் அதனை வற்புறுத்த இயலாது.

ஆனால் கதை பூமிக்குத் திரும்பியதும் நகை வற்றுகிறது. அதற்கு இரு காரணங்கள். முதலாவது, முகம். பாலுவும் ரஜினிகாந்த், காளையனும் ரஜினிகாந்த். மேற்சொன்ன அமெரிக்கப் படங்களிலும் நாயக நடிகர் மாறுவதில்லை. ஆனால் அங்குச் சுற்றியிருப்போர் காண்பது வேறொரு முகத்தை. பார்வையாளர் ஒருவரைக் காண, பாத்திரங்கள் மற்றொருவரைக் காணும் இடைவெளியில் சிரிப்புக்கு இடம் இருந்தது. ‘அதிசயப் பிறவி’ ஒத்த உருவம் என்ற ஏற்பாட்டால் அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. உடல் மாறியும் உடல் மாறவில்லை. எஞ்சுவது, அஞ்சிய ரஜினிகாந்த் அஞ்சாத ரஜினிகாந்த் ஆகும் காட்சி. அது மகிழ்ச்சி தருவதே. அரங்கில் விசில் எழுந்திருக்கும். ஆனால் அது உடல்மாற்றத்தின் மகிழ்ச்சியன்று, நாயகன் வெளிப்படும் மகிழ்ச்சி. இரட்டை வேடப் படங்கள் நெடுங்காலமாகத் தந்துவரும் இன்பத்தையே இதுவும் தருகிறது. இரட்டை வேடம் நட்சத்திரத்தைப் பெருக்குகிறது; உடல்மாற்றமோ அவரைத் தம் உடலிலிருந்து வெளியேற்ற வேண்டும். இரண்டும் எதிரெதிரான வேலைகள். ரஜினிகாந்தை இருபத்தைந்து படங்களில் இயக்கிய முத்துராமன் முதல் வேலையில் தேர்ந்தவர். இரண்டாவதை அவரிடம் அன்று யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. காளையன் இறந்துவிட்டான். உடலுக்கு உரிமை கேட்க அவன் திரும்பி வரப்போவதில்லை. கூடு காலி.

இறந்த மகன்

காலியான கூட்டிலும் உரிமை எஞ்சியிருக்கும். பெரியபுராணத்துத் திருமூலர் வரலாறு அதனை மறைக்காமல் காட்டுகிறது. சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் சுற்றிநின்று கதறுகின்றன. அவற்றின் துயர் தீர்க்க யோகி அவனுடலில் புகுகிறார். பசுக்கள் தேறிவிடுகின்றன. அவற்றுக்கு மேய்ப்பனின் உடல் போதும். ஆனால் அன்று மாலை மூலனின் மனைவி வருகிறாள். அவள் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. தன் கணவன் என்று எண்ணி அவள் நெருங்கும்போது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று யோகி விலகிவிடுகிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் இனி உன் கணவர் ஆகார் என்று அவளுக்குச் சொல்கின்றனர்.

இக்கதையைச் சித்தியின் பெருமையாக மட்டும் படிப்பது வழக்கம். ஒரு வழக்காகவும் அதனைப் படிக்கலாம். ஓர் உடல், அதில் குடியிருப்பவர் ஒருவர், அதன்மீது உறவுரிமை உடையவள் மற்றொருத்தி, தீர்ப்புச் சொல்ல ஊர். (நத்தம் என்னும் ஊர்ப்பெயரே வருவாய்த்துறை வழக்கில் குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் சொல். கிராம நத்தத்தில் உரிமை பேசும்போது, காலங்காலமாக யார் குடியிருக்கிறார் என்பதே முதற்கேள்வியாக எழும். சாத்தனூர்ப் பெரியவர்களும் ஏறத்தாழ அவ்வாறே தீர்த்தார்கள் எனலாம்.) அத்தீர்ப்பு அந்தப் பெண்ணுக்கு நீதி செய்ததா என்பது ஐயமே. ஆனால் அவளிடம் உண்மை சொல்லப்பட்டது. தன் கணவன் இறந்துவிட்டான் என்பதை அவள் அறிந்துகொண்டாள். அழுவதற்கு அவளுக்கு உரிமை கிடைத்தது.

‘அதிசயப் பிறவி’யில் காளையனின் தாய்க்கு அந்த இடம் இல்லை. அவளுடைய மகன் இறந்திருக்கிறான். அவனுடலில் அயலான் ஒருவன் அவளுக்குச் சோறூட்டவும் அவளுக்காகச் சண்டையிடவும் செய்கிறான். படம் இதனைத் தாயின் நற்பேறாகக் காட்டுகிறது. ஒடுங்கிய மகன் போய் வீர மகன் வந்தான். இழப்பு எங்கே என்று அது கேட்பதுபோலத் தோன்றுகிறது. காளையனுக்காகக் கதைப்போக்கு ஓரிடத்திலும் நின்று அழுவதில்லை. பாலுவின் அகால மரணத்துக்கு யமலோகம் முழுவதையும் பதில் சொல்ல வைக்கும் படம், காளையனின் மரணத்துக்கு ஒரு கணக்கும் கேட்பதில்லை. அவனது காலம் முடிந்தது, அவ்வளவே. நகரத்தான் உயிருக்கு வழக்குண்டு. நாட்டுப்புறத்தான் உயிருக்கு ஏடு மட்டும் உண்டு.

இதனைப் பொழுதுபோக்குப் படத்தின்மீது சுமத்தும் மிகையான கடுமை என்று கூறலாம். ஆனால் ‘கல்யாணராமன்’ படமும் பொழுதுபோக்குப் படமே. அங்கு இறந்தவன் வெகுளி. அவனையே கதை திரும்ப அழைத்து வருகிறது. அவன் இழந்த வாழ்வும் நிறைவேறாத அன்பும் சிரிப்பினூடே தொடர்ந்து பேசப்படுகின்றன. இறந்தவனுக்குக் குரல் கொடுத்தும் சிரிக்க வைக்க முடியும் என்பதற்கு அப்படம் சான்று. ‘அதிசயப் பிறவி’ தன் நகையை வானுலகில் வைத்துக்கொண்டதற்கு உண்மைக் காரணம், பூமியில் சிரிக்கத் தொடங்கினால் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதே என இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

‘போகன்’: இரு வீடுகள், இரு ஆள்கள்

‘போகன்’ நகைப்படம் அன்று, அதிரடிப்படம். ஆயினும் தமிழில் இருவழி உடல்மாற்றத்தை இரு வேறு நடிகர்களைக் கொண்டு நடத்திய படம் என்ற வகையில், மேற்சொன்ன இரு படங்களும் விட்டுவைத்த பணியை அது ஏற்றுக்கொள்கிறது. அதில் எழும் நகையும் அதனாலேயே.

அரச மரபில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஆதித்யா (அரவிந்த் சாமி), சுவடியொன்றின் துணையால் பிறர் உடலில் புகும் ஆற்றலைப் பெறுகிறான். போகம் அவனது வாழ்நெறி. சித்தர் பெயர் போகியாகத் திரிவதை லக்ஷ்மன் தெரிந்தே செய்திருக்க வேண்டும். வங்கி மேலாளர் ஒருவரின் உடலில் புகுந்து பணத்தைக் கொள்ளையிடுகிறான். பழி மேலாளர்மீது விழுகிறது. அவருடைய மகனான காவல் அதிகாரி விக்ரம் (ஜெயம் ரவி) ஆதித்யாவைப் பிடிக்கிறான்; பிடிபட்டவன் விக்ரமின் உடலுக்கு மாறிவிடுகிறான். இனி விக்ரம் குற்றவாளியின் உடலில் சிறைப்பட்டிருக்க, குற்றவாளி அதிகாரியின் சீருடையில் வீடு திரும்புகிறான்.

மேலாளரின் காட்சி முதலிலேயே நம் கேள்வியை எழுப்பிவிடுகிறது. கையொப்பமும் கைரேகையும் முகமும் உடலுக்கு உரியவை. சட்டம் அறிந்த ஆள் உடல்தான். உயிர் வேறு என்று சொல்வதற்கு நீதிமன்றத்தில் இடமில்லை. பின்னர் காவல் நிலையத்திலும் இதுவே நிகழ்கிறது: வணக்கம் சீருடை அணிந்த உடலுக்கு; விலங்கு மற்றொன்றுக்கு.

இப்படத்தைத் தாங்குவது நடிப்பு. இதற்கு ஈராண்டு முன்னர் மோகன் ராஜாவின் ‘தனி ஒருவன்’ (2015) படத்தில் இதே இருவரும் காவல் அதிகாரியாகவும் எதிர்நாயகனாகவும் மோதியிருந்தனர். அப்படத்தில் அரவிந்த் சாமியின் நிதானமான பேச்சும், அவசரமற்ற புன்னகையும், எதிரியையும் விருந்தினரைப் போல நடத்தும் பாங்கும் பார்வையாளர் நெஞ்சில் பதிந்துவிட்டன. அந்த நினைவை லக்ஷ்மன் முதலாகக் கொள்கிறார். ஜெயம் ரவியின் உடலில் அந்த நிதானம் வந்து அமர்வதைப் பார்வையாளர் உடனே அடையாளம் காண்கின்றனர். நேர்மையான நாயகன் என்று பழகிய முகத்தில் சோம்பல் கலந்த களிப்பு பரவுகிறது, நடை தளர்கிறது, கண் அலைகிறது. ஒரு நடிகர் தம்மோடு நடிக்கும் மற்றொருவரின் பாணியை அவர் முன்னிலையிலேயே செய்துகாட்டுவதில் பகடியின் சுவை உண்டு. அரவிந்த் சாமிக்கு வாய்த்த பணி கடினமானது: தாம் நிலைநாட்டிய கவர்ச்சியைத் தாமே கழற்றிவிட்டுப் பதற்றமுள்ள, நியாயம் கேட்கும் ஒருவனாகத் தம் உடலைச் சுருக்க வேண்டும். அவர் பகுதியில் சிரிப்பு குறைவு. நம்பகத்தன்மை கூடுதல் என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

‘அதிசயப் பிறவி’ செய்யத் துணியாததை இங்கு ஒரு முன்னணி நாயகன் செய்திருக்கிறார். அவருடைய உடல் கதையின் பெரும்பகுதியில் எதிரியின் கையில் இருக்கிறது. தமிழ் நாயக மரபில் இது சிறிய விட்டுக்கொடுத்தலன்று.

ஆனால் வீட்டு வாசலில் படம் தடுமாறுகிறது. விக்ரமின் உடலில் ஆதித்யா, விக்ரமுக்கு உரிய பெண்ணான மகாலட்சுமியிடம் (ஹன்சிகா) வந்து சேர்கிறான். மூலனின் மனைவி நின்ற அதே வாசல் இது; திசை மட்டும் மாறியிருக்கிறது. அங்கு உறவு கேட்டவள் பெண். விலகியவர் உடலில் வந்தவர். இங்கு உறவு கேட்பவன் உடலில் வந்தவன், அறியாதவள் பெண். இக்காட்சிகளைப் படம் அச்சுறுத்தலாக மட்டும் கையாள்கிறது. அது தவறன்று, ஏமாற்றிப் பெறும் நெருக்கம் அச்சத்துக்குரியதே. ஆனால் அவளுக்குப் படம் தந்திருக்கும் இடம் காப்பாற்றப்பட வேண்டியவள் என்பதே. தன் முன் நிற்பவன் யார் என்று அவள் சோதித்தறியும் அறிவுக் கூர்மைக்கு, விளியின் ஒரு தடுமாற்றத்தால் அவனைப் பிடித்துவிடும் காட்சிக்கு, கதையில் பெரிய வாய்ப்பு இருந்தது. நெருங்கிப் பழகியவரை ஒரே சொல்லில் அடையாளம் காண்பவர் வீட்டில் இருப்பவரே. அந்த வாய்ப்பு துப்பாக்கிச் சண்டைக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது.

மாறாத எல்லைகள்

மூன்று படங்களையும் ஒருசேர நோக்கும்போது, உடல் மாறினும் மாறாத சில வரம்புகள் புலப்படுகின்றன. மூன்றிலும் ஆணுயிர் ஆணுடலிலேயே குடியேறுகிறது. இரு படங்களில் முகமும் மாறுவதில்லை. நகரம், சிற்றூர் என்ற வேறுபாடும், சட்டத்துக்கு உட்பட்டவன், புறம்பானவன் என்ற வேறுபாடும் கடக்கப்படுகின்றன, பால் கடக்கப்படவில்லை, சாதி பெயரளவிலும் தொடப்படவில்லை. தமிழ்ச் சிற்றூரில் உடல் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதே அதற்குரிய விளியை முடிவு செய்கிறது. காளையனின் உடலில் புகுந்த பாலு, நகரத்தில் தான் கேட்டிராத விளியொன்றால் அழைக்கப்பட்டிருந்தால் படத்தின் நகை வேறொரு கூர்மையைப் பெற்றிருக்கும். ஒத்த உருவம் என்ற ஏற்பாடு அந்தச் சிக்கலிலிருந்தும் தயாரிப்பாளர்களைக் காத்துவிட்டது.

பல்லவர் காலத்து நாடகமோ துறவியையும் கணிகையையும் மாற்றியது. பால், நிலை, ஒழுக்கம் என எவ்வகையிலும் ஒவ்வாத இருவர். வடமொழி நாடக மரபில் உயர்நிலை ஆடவர் சமஸ்கிருதமும் பெண்பாத்திரங்கள் பெரும்பாலும் பிராகிருதமும் பேசுவர் என்பதால், எவ்வுடலிலிருந்து எம்மொழி எழுகிறது என்பதே அவையினரின் சிரிப்புக்கு இடந்தரும். கணிகையின் தாய் ஓடிவருகிறாள், காதலன் வருகிறான், பாம்புக்கடிக்கு மருத்துவன் வருகிறான். ஒவ்வொருவரும் தாம் அறிந்த உடலோடு பேச முயன்று, அறியாத உயிரிடமிருந்து பதில் பெறுகின்றனர். அவ்வுடல்மீது உரிமையுள்ள எல்லோரையும் நாடகம் மேடைக்கு அழைத்து வருகிறது. எவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை. இறுதியில் யமதூதனே வந்து இருவரையும் அவரவர் உடலில் சேர்த்துவிட்டுப் போகிறான். கேரளத்தில் கூடியாட்டக் கலைஞர்கள் இதனை இன்றும் நடிக்கின்றனர். துறவியாக நடிப்பவர் கணிகையின் நாணத்தைத் தம் உடலில் வருவிக்கும் இடம் அவர்களுடைய பயிற்சிக்கும் அவையின் பொறுமைக்கும் உரைகல். அங்கு முகத்தில் அரிதாரம் மாறுவதில்லை, ஆடையும் மாறுவதில்லை. கண்ணும் கையும் மட்டும் மாறுகின்றன.